பொழுது போகாத வாத்தியார்கள்

புருனெயின் தலைநகரான பந்தர் செரி பெகவானில் ஆங்கிலம் கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்களின் நிரந்தரப் புலம்பல், ‘இங்கே பொழுதே போகவில்லை’ என்பது. ஆதாரம் இல்லாமல் இல்லை. 1991 முதல் மது விற்பனைக்குத் தடை. வார விடுமுறையோ வெள்ளியும் ஞாயிறும். நடுவில் சனிக்கிழமை நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் முஸ்லிமல்லாதவர் எல்லை தாண்டிப் போய் இரண்டு பாட்டில் மதுவும் பன்னிரண்டு டின் பீரும் கொண்டுவரலாம், சுங்கப் படிவம் நிரப்பினால் போதும். விடைத்தாள் திருத்த மாதக்கணக்கில் இழுப்பவர்கூட இந்தப் படிவத்தை அடித்தல் திருத்தலின்றி நிரப்பிவிடுகிறார். பிறகு யாராவது ஒருவர் வீட்டில் அதே முகங்கள், அதே பீர், அதே பேச்சு: பொழுது போகவில்லை.

‘உள்ளூர்க்காரர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லையே’ என்பார்கள். நோன்புப் பெருநாளில் வீட்டைத் திறந்துவைத்து வந்தவர்க்கெல்லாம் சோறு போடும் ஊர் அது. 1,788 அறைகள் கொண்ட இஸ்தானா நூருல் ஈமான் அரண்மனையில் சுல்தானே பொதுமக்களுக்கு விருந்து வைக்கிறார். அரசரே கதவைத் திறந்த பிறகும் அழைப்பிதழுக்குக் காத்திருந்தால் யார் என்ன செய்ய முடியும்? மலாய் தெரியாதே என்பது அடுத்த சாக்கு. வேற்று மொழியைக் கற்றே தீரவேண்டும் என்று பிள்ளைகளை வாட்டிச் சம்பளம் வாங்குபவர்கள், இந்தச் சாக்கை வகுப்பறைக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது.