சன்னல் ஏட்டுக்கு ஒரு பதவுரை

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புதுக் காரின் கண்ணாடியில் ஒற்றைத்தாள் ஏடு ஒன்று ஒட்டியிருக்கும். பொடி எழுத்து. உரையாசிரியர் கூடவே நிற்பார். அவருக்குக் கமிஷன் உண்டு என்பதால் உரையைச் சற்று விலகி நின்று கேட்பது நல்லது.

நூலின் காலம் 1958. சர்ச்சை இல்லை. ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தில் பிறந்ததால் 'மன்ரோனி' என்றே வழங்குகிறது. தாம் எழுதிய தொடராலேயே பெயர் பெற்ற புலவர்கள் நமக்குச் சங்கத்தில் உண்டு. தம் பெயரை ஸ்டிக்கருக்குக் கொடுத்தவர் இவர்.

வாங்கியவர் கைக்கு வண்டி போகுமுன் இதை வேண்டுமென்றே கிழித்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கரையானுக்கும் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால் நம் சுவடிகள் பல பிழைத்திருக்கும்.

நூலின் உயிர்நிலை, 'தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை' என்ற வரி. இதிலுள்ள 'பரிந்துரைக்கும்' என்ற பெயரெச்சத்தை வாங்குபவர் கவனிப்பதே இல்லை. விற்பவர் அதை மட்டுமே கவனிக்கிறார். அடுத்து வருவது டெஸ்டினேஷன் சார்ஜ், அதாவது ஆலையிலிருந்து வண்டியைக் கொண்டுவரும் கூலி: ஆலைக்கு எதிர்த்தெருவில் வாங்கினாலும் நாட்டின் மறுகோடியில் வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே தொகை. அத்வைதம்.

எரிபொருள் படலம் பிற்காலச் சேர்க்கை. 2013 மாடல்களிலிருந்து, சராசரிப் புதுக் காரைவிட 5 ஆண்டில் எவ்வளவு மிச்சம் பிடிப்பீர்கள் அல்லது எவ்வளவு கூடுதலாக அழிப்பீர்கள் என்றும் சொல்கிறது; பக்கத்து வீட்டு மருமகளை எடுத்துக்காட்டும் மாமியாரின் தொனி. பாகங்கள் எந்த நாட்டில் செய்யப்பட்டவை என்று சொல்லும் விழுக்காட்டில் அமெரிக்காவும் கனடாவும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டிருப்பதைக் கனடாக்காரர்களிடம் சொல்லாமல் இருப்பது நாகரிகம்.

இனி இடைச்செருகல். மூலத்தின் பக்கத்திலேயே, அதே சாயலில் டீலர் ஒட்டும் இரண்டாம் தாள். சட்டம் கேட்டது முதல் தாளைத்தான். இது டீலரின் சொந்த இயற்றல். பெயின்ட் பூச்சு, கண்ணாடியில் எண் பொறித்தல், டயருக்கு நைட்ரஜன். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கடைசி வரி சில சமயம் ஆயிரக்கணக்கான டாலரில் இருக்கும்: 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்'.

பதவுரை: மார்க்கெட் – சந்தை. அட்ஜஸ்ட்மென்ட் – நீங்கள்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.