மாத வாடகை இல்லாத வானம்

கே: மாதச் சந்தா கட்டாமல் டிஷ் வைத்து டிவி பார்க்கலாம் என்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகாதே?
(ஒரு வாசகர், காக்களூர்)

ப: ஆகவே ஆகாது. நடத்துவதே பிரசார் பாரதிதான். 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்று 33 சேனல்களோடு வந்தது. இன்றைய பெயர் ‘டிடி ஃப்ரீ டிஷ்’. குடை, பாக்ஸ், வயர் எல்லாம் சேர்த்து ஒரே தடவை ஏறக்குறைய 2,000 ரூபாய். அப்புறம் ரீசார்ஜ் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கே: சிப்காட் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறேன். எதிரே மூன்று மாடிக் கட்டடம். சிக்னல் வருமா?
(ஒரு தொழிலாளி, கும்மிடிப்பூண்டி)

ப: தாராளமாக வரும். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில். அவ்வளவு உயரத்தில் இருப்பதை மறைப்பது லேசில்லை. குடையைவிட 30 அடி உயர்ந்த சுவராக இருந்தாலும், 12 அடிக்குள் ஒட்டி நின்றால்தான் மறைக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். தலைக்கு மேல் ஆடும் தென்னை மட்டையைக் கவனியுங்கள்.

கே: பழைய சன் டைரக்ட் குடை மொட்டை மாடியில் சும்மா கிடக்கிறது. உதவுமா?
(ஓர் இல்லத்தரசி, பொன்னேரி)

ப: அருமையாக உதவும். சன் டைரக்டும் அதே 93.5 டிகிரியிலிருந்து வருகிறது. குடை அந்தப் பக்கமே பார்த்து அசையாமல் இருந்தால் திருப்பவே வேண்டாம்; பாக்ஸை மட்டும் மாற்றுங்கள். மற்ற கம்பெனிக் குடை என்றால் திருப்ப வேண்டும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்திலேயே 95 டிகிரியில் டிஷ் டிவி வரும் செயற்கைக்கோள் இருக்கிறது. குடை அதைப் பிடித்துவிட்டால் திரையில் ‘ஸ்ட்ரெங்த்’ கோடு நன்றாக ஏறி நிற்கும். ‘குவாலிட்டி’ பூஜ்யத்தில் கிடக்கும். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பாக்ஸில் ஃப்ரீக்வென்சி 11090, சிம்பல் ரேட் 29500 என்று போட்டுவிட்டு, நட்டை லேசாகத் தளர்த்தி, குடையை ஒரு விரல் அளவு நகர்த்தி, மூன்று விநாடி பொறுங்கள். பாக்ஸ் சிக்னலைப் படிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரக்காரர் கையில் குடை நிற்காது.

கே: மழையில் படம் போகிறது, சரி. பளிச்சென்ற வெயிலிலும் போகிறதே?
(ஒரு மீனவர், பழவேற்காடு)

ப: மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், காலை 11 மணி வாக்கில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடும். சில நிமிடத்தில் தானே சரியாகும். மற்ற நாளில் போனால், குடைக்கு முன்னால் நீட்டி நிற்கும் எல்.என்.பி.யில் வயரை மாட்டும் பின்னைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். வெட்டி, புதுப் பின் போட்டு, டேப் சுற்றுங்கள்.

கே: பாக்ஸே இல்லாமல் பார்க்க முடியுமா?
(ஒரு மாணவர், திருவள்ளூர்)

ப: டிவிக்குள்ளேயே சாட்டிலைட் டியூனர் இருந்தால் முடியும். பின்பக்கம் மரை போட்ட துளை அருகே ‘எல்.என்.பி. இன்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பள்ளிப் பாடத்துக்கு வகுப்புக்கு ஒன்றாக பி.எம். இ-வித்யா சேனல்களும் கிடைக்கும்.

கே: எங்கள் ரோலிங் மில்லில் பீகார் தம்பிகள் அறைக்கு அறை ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் மட்டும் கேபிளையே கட்டிக்கொண்டிருப்பது ஏன்?
(ஒரு மேஸ்திரி, கும்மிடிப்பூண்டி)

ப: அவர்கள் மொழி அதில் கொட்டிக் கிடக்கிறது. இந்திப் படம், போஜ்புரிப் பாட்டு, செய்தி என்று வரிசையாக வரும். உலைச் சூட்டில் ஷிஃப்ட் முடித்து அறைக்கு வருகிறவனுக்கு, சொந்த மொழியில் காசில்லாமல் ஒரு பாட்டு கிடைப்பது சின்ன விஷயமா? அந்தத் தம்பிகளுக்குக் கிடைத்திருப்பது நியாயமான சுகம்.

தமிழனுக்கு அதில் உறுதியாக இருப்பது டிடி தமிழ். 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்ததே, அதுதான். சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்கள் கிடையாது. தனியார் தமிழ்ச் சேனல்களே அரிது. தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் போகிறது. நாடு முழுக்க 4 கோடிக்கு மேற்பட்ட ஃப்ரீ டிஷ் வீடுகள். பெரும்பகுதி இந்தி பேசும் மாநிலங்களில். விளம்பரதாரர் அங்கே பார்த்துத்தான் பணம் போடுகிறார். இங்கே கேபிள் முன்பே வேரூன்றிவிட்டது; 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கே இணைப்புக் கொடுத்தது. வீடுகள் குறைவு என்று தமிழ்ச் சேனல் வரவில்லை. தமிழ்ச் சேனல் இல்லை என்று வீடுகள் கூடவில்லை.

கே: ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ்ச் சேனல் வராத இந்த முடிச்சை யார்தான் அவிழ்ப்பது?
(ஓர் ஆசிரியை, ஊத்துக்கோட்டை)

ப: பிரசார் பாரதிதான். கூலி குறைந்த மாதம் சந்தா கட்ட முடியாமல் டிவி இருண்டுபோகும் வீடுகள் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்காகவாவது தமிழுக்குக் கட்டணம் குறைத்துச் சில இடங்களை ஒதுக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் பிரசார் பாரதிக்கும் இதைக் கேட்டு ஆளுக்கொரு கடிதம் போடுங்கள். உங்கள் மாணவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.