வட்டிக்குக் கரண்டு கட் கிடையாது

இன்னா நைனா, போனை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கிற? அப்படி இன்னா சேதி? ஆப்பிரிக்காவுல அணு உலை கட்டினா பொருளாதாரம் எகிறிடும்னு எழுதியிருக்கானா? உலக வங்கியே கடன் கொடுக்கத் தலையாட்டிடுச்சா? சந்தோஷம். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரக் கிழவனுக்கு ஆப்பிரிக்கா எதுக்குன்னு பாக்குறியா? கரண்டும் கடனும் எந்த ஊர்ல இருந்தா இன்னா? ரெண்டையும் நாங்க கரைச்சுக் குடிச்சவங்கதான். உக்காரு, சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. கரண்டு கேக்குறவனை நான் கிண்டல் பண்ண மாட்டேன். சகாராவுக்குத் தெக்கால சுமார் 60 கோடி பேருக்கு இன்னிக்கும் வீட்ல கரண்டு கிடையாது. அந்தக் கஷ்டம் எனக்குப் புரியும். 2012ல நம்ம பக்கமெல்லாம் பகல்ல பாதி நேரம் கரண்டு இல்லாம தறி நின்னுச்சே, ஞாபகம் கீதா? உனக்கு எப்படி இருக்கும், அப்ப நீ அரை டிராயர் போட்ட பையன். தறி நின்னா கூலி நிக்கும். கூலி நின்னா அடுப்பு நிக்கும். இதுக்கு மேல எனக்குப் பொருளாதாரம் தெரியாது, தேவையும் படல. கோட்டு மாட்டிக்கினு, கலர் கலரா படம் காட்டி, "இந்தா வளர்ச்சி, இங்க ஒரு கையெழுத்து"ன்னு வர்றான் பாரு, அவனைப் பார்த்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

அணு உலையைப் பேயின்னும் சொல்லல. நிலக்கரியோட லட்சணம் நம்ம ஜில்லாக்காரனுக்குத் தெரியாததா? பள்ளிப்பட்டுப் பக்கமா வர்ற கொசஸ்தலை ஆத்தைப் போயி எண்ணூர்ல பாரு. கடல்ல சேர்ற எடத்துல அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிஞ்சு கெடக்குது. உலை புகை விடாது. ராத்திரி பகல் பாக்காம ஓடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இரும்பு உருக்குறவன் கேக்குறதும் விட்டு விட்டு வராத கரண்டைத்தான். எல்லாம் சரிதான். கணக்கு நோட்டைப் பிரிச்சியா?

அணு உலைல எரிபொருள் செலவு கொஞ்சம்தான். கட்டுற செலவுதான் மலை. அந்த மலையைக் கடன் வாங்கித்தான் ஏறணும். ஒருத்தன் விசைத்தறி வாங்கக் கடன் வாங்குறான்னு வெச்சுக்க. தறி வந்து நிக்கணும், பாவு ஏறணும், துணி எறங்கணும், கூலி வரணும், அந்தக் கூலியில தவணை கட்டணும். கடன் இன்னிக்கு வாங்கியாச்சு, தறி மட்டும் பத்து வருஷம் கழிச்சு வருதுன்னா? அந்தப் பத்து வருஷமும் வீட்டுக்கு வந்து போறது யாரு? வட்டிதான். அதுக்கு ஞாயித்துக்கெழம கெடையாது, பொங்கல் கெடையாது, கரண்டு கட்டும் கெடையாது.

கதை விடறேன்னு நெனைக்கிறியா? தூரமா போவாதே, கூடங்குளம் போ. 1988 நவம்பர்ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் டெல்லியில கையெழுத்து போட்டாங்க. 1991ல ராஜீவ் இல்லை. அதே வருஷம் சோவியத் நாடே இல்லை. கடன் கொடுக்கறேன்னு சொன்ன நாடே காணாமப் போன கதையை நீ எங்கயாவது கேட்டிருக்கியா? அப்பால ரஷ்யாவோட 1998ல மறுபடியும் ஒரு ஒப்பந்தம். கான்கிரீட் போட்டது 2002ல. மொதல் உலைல இருந்து கரண்டு வெளிய வந்தது 2013 அக்டோபர்ல. வியாபாரக் கணக்குல சேந்தது 2014 டிசம்பர் கடைசி நாள். மொத ரெண்டு உலைக்கும் 13,171 கோடின்னு போட்ட கணக்கு, கடைசியில 22,462 கோடியில வந்து நின்னுச்சு. 1988ல டாலர் 14 ரூபா. இப்ப 85ஐத் தாண்டிப் போயிக்கினே கீது.

சரி, அது வெளியூர்க்காரன் தொழில்நுட்பம்னு சொல்லுவே. நம்ம கல்பாக்கத்துக்கு வா. அங்க 1980கள்ல நம்மாளுங்களே கட்டின உலை ஓடுச்சு, பெருமைதான். அதே எடத்துல 500 மெகாவாட் வேக ஈனுலை ஒண்ணு கட்டறோம்னு 2003ல முடிவு பண்ணாங்க. சுமார் 3,500 கோடி, 2010ல கரண்டுன்னாங்க. உலையோட மையப் பகுதியை நிரப்புற வேலை தொடங்கினதே 2024 மார்ச்சுலதான். செலவு ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. இத்தனைக்கும் நம்மகிட்ட ஹோமி பாபா காலத்துலேர்ந்து விஞ்ஞானிங்க இருக்காங்க, பயிற்சி கீது, பட்டறை கீது. ஒண்ணுமே இல்லாம புதுசா ஆரம்பிக்கிற நாட்டுக்காரன் மட்டும் சொன்ன வருஷத்துல பொத்தானை அமுக்கிடுவானா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டறேன்னானாம்.

எகிப்தைப் பாரு. எல் தபான்னு ஒரு கடலோர ஊரு. நாலு உலை, ஒவ்வொண்ணும் 1,200 மெகாவாட். ரஷ்யாதான் கட்டுது. 2015ல கையெழுத்து. 2,500 கோடி டாலர் கடன். செலவுல நூத்துக்கு 85 பங்கு கடன்காரனே போடுறான், வட்டி 3 சதவீதம்தான். கேக்க எவ்வளவு இனிப்பா இருக்குது! நூத்துக்கு 85 ரூபாயை ஒருத்தன் சிரிச்சுக்கினே நீட்டினா, நம்மூரு கெழவி இன்னா கேப்பா? "உனக்கு இதுல இன்னாப்பா லாபம்?"னு கேப்பா. உலை அவனுது, எரிபொருள் அவனுது, பழுது பாக்குற ஆளு அவனுது. உலையோட ஆயுசு 60 வருஷம். லாபம் எங்கன்னு தெரியுதா?

இன்னொண்ணு கேளு. அந்த ஒப்பந்தம் போட்டப்ப ஒரு டாலர் 8 எகிப்து பவுண்டு. 2024ல அது 50 பக்கம் போயிடுச்சு. கடன் எழுதினது டாலர்ல. கெய்ரோவுல கரண்டு பில்லு கட்டுறவன் பவுண்டுலதான் கட்டுவான். 3 சதவீத வட்டியைப் பாத்துப் பூரிச்சவன் இந்தக் கணக்கைப் பாத்தா எந்தக் கன்னத்துல கை வெப்பான்?

பணம்தான் பிரச்சனையா? பணம் இருந்தாலும் கம்பி வேணும் ராசா. ஒரே உலை, நாட்டு மின்வலையில பத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கப்படாதுன்னு அனுபவஸ்தங்க சொல்லுவாங்க. ஏன்? அது படக்குனு நின்னா, மிச்சமிருக்கறது அந்தப் பாரத்தைத் தாங்கணும். இல்லேன்னா நாடே இருட்டு. கென்யா உச்ச நேரத்துல இழுக்குற கரண்டு மொத்தமும் 2,300, 2,400 மெகாவாட். கூடங்குளம் உலை ஒண்ணே 1,000 மெகாவாட். அங்க அத்தக் கொண்டுபோய் வெச்சா தாங்குமா? கூட்டத்துல உக்காந்து தலையாட்டறவங்க இத்தக் கேக்கறாங்களா?

உடனே நீ சொல்லுவே: "தாத்தா, இப்பல்லாம் சின்ன உலை வந்துடுச்சு, சின்னச் சின்னதா வெச்சுக்கலாம்." வந்துடுச்சா? எந்தக் கடையில? தென்னாப்பிரிக்காக்காரன் இந்தச் சின்ன உலைப் பேச்சை 25 வருஷம் முன்னாடியே பேசினான். பந்து பந்தா எரிபொருள் போடுற உலைன்னு 900 கோடி ராண்டுக்கு மேல கொட்டினான். 2010ல போதும்டா சாமின்னு மூட்டை கட்டிட்டான். ஒரு உலை கூட நிக்கல. புதுசுன்னு வர்றதுல பாதி, பழசைத் தூசி தட்டினதுதான்.

இந்தத் தென்னாப்பிரிக்காதான், கண்டம் மொத்தத்துலயும் அணு மின்சாரம் எடுக்குற ஒரே நாடு. கேப் டவுன் பக்கம் கோபெர்க், 1984லேர்ந்து ஓடுது. அப்படியும் 2023ல அந்த நாட்டுல மணிக்கணக்கா கரண்டு கட். ஏன்? மின் வாரியம் கடன்ல முழுகிக் கெடந்துச்சு, பழைய நிலக்கரி நிலையத்தை ஒழுங்காப் பாத்துக்கல. நம்ம மின் வாரியத்துக்கும் லட்சம் கோடிக்கு மேல கடன். விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம்னு 2023ல ஏத்திக் கொடுத்தாங்க, நானும் வாங்கிக்கினுதான் இருக்கறேன், வேணாம்னு சொல்ல நான் இன்னா முட்டாளா? ஆனா அந்த யூனிட்டுக்கு யாரோ ஒருத்தன் கட்டுறான்னு எனக்குத் தெரியும். பில்லு வசூல் ஆகாத வாரியத்துகிட்ட உலையைக் கொடுத்தா, உலையும் சேந்துதான் கடன்படும்.

கானாக்காரன் கதை இன்னும் வேடிக்கை. நம்ம தறி நின்ன அதே காலத்துல அங்கயும் கரண்டு கட். ஜனங்க கத்தினாங்க. பயந்துபோய், கண்டவன்கிட்டயும் ஒப்பந்தம் போட்டாங்க: கரண்டு எடுத்தாலும் எடுக்காட்டியும் காசு கொடுத்துடறோம்னு. 2019ல அவங்க நிதி மந்திரியே நாடாளுமன்றத்துல சொன்னாரு, வேண்டாத கரண்டுக்கு வருஷத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல தர்றோம்னு. இருட்டுக்குப் பயந்து கையெழுத்து போட்டா இப்படித்தான். கண்ணைத் தொறந்துக்கினுதானே கையெழுத்து போடணும்?

இதுலயும் உச்சம் பிலிப்பைன்ஸ். பத்தான்னு ஒரு எடத்துல 200 கோடி டாலருக்கு மேல கொட்டி 1984ல உலையைக் கட்டி முடிச்சாங்க. எரிமலை பக்கம், பூகம்ப பூமி. 1986ல மார்கோஸ் ஆட்சி போச்சு, செர்னோபில் வெடிச்சுது, உலையை மூடிட்டாங்க. ஒரு யூனிட் கரண்டு வரல. கடனை அடைச்சு முடிச்சது 2007ல. கடன் வாங்கியும் பட்டினி, கல்யாணம் ஆகியும் பிரம்மச்சாரின்னு நம்மூர்ல சொன்னதை அவங்க நாடாவே செஞ்சு காட்டிட்டாங்க.

எல்லாரும் ஏமாந்தாங்களா? இல்லை. அபுதாபியில பராக்கான்னு நாலு உலை. 2009ல கொரியாக்காரனோட ஒப்பந்தம், 2020ல மொதல் கரண்டு, 2024ல நாலாவதும் ஓடிடுச்சு. அங்கயும் சொன்ன தேதிக்கு மூணு வருஷம் தாமதம்தான். ஆனா அவன் தாங்கினான். எண்ணெய்க் காசு பெட்டியில இருந்துச்சு, மின்வலை பலமா இருந்துச்சு. பெட்டியில காசு இருக்கறவனுக்கு வட்டி பல்லைக் காட்டாது. "அவன் கட்டிட்டான், நீயும் கட்டு"ன்னு சொல்றவன், அவன் பெட்டியையும் சேத்துக் கொடுப்பானா?

பணத்துக்கு அப்பால ஒரு விஷயம். எவன் ஊர்ல வெக்கப் போறியோ அவனைக் கேட்டியா? கூடங்குளத்துக்குப் பக்கத்துல இடிந்தகரையில மீன்பிடிக்கிற ஜனங்க 2011ல போராட்டத்துல உக்காந்தாங்களே, ஏன் உக்காந்தாங்க? ஜப்பான்ல ஃபுகுஷிமா வெடிச்ச வருஷம் அது. அவங்க வாசல்ல உலை. பயம் வராதா? உக்காந்து பேசறதுக்குப் பதிலா ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு. 2011 செப்டம்பர்லேர்ந்து 2012 மார்ச் வரைக்கும் வேலை முடங்குச்சு. கேட்டா தாமதமாகும்னு கேக்காம விட்டாங்க. கேக்காததாலயே தாமதமாச்சு. அந்த மாசங்களுக்கும் வட்டி ஓடுச்சு, மறந்துடாதே. இப்ப கென்யாவுல உயோம்போங்கிற கடற்கரையிலயும் மீனவங்கதான் கொடி பிடிச்சாங்க, 2024ல. எந்தக் கண்டமா இருந்தா இன்னா, கடலோரத்துல உலை வெக்கறேன்னு போனா மொதல்ல கேள்வி கேக்குறவன் வலைக்காரன்தான். அவன்கிட்ட பதில் சொல்ல முடியாதவன் கிட்ட திட்டம் இல்லை, படம்தான் இருக்குது.

தென்னாப்பிரிக்காவுல ரெண்டு பொம்பளைங்க இத்த அழகா செஞ்சாங்க. மகோமா லெக்கலகலான்னு ஒருத்தி, லிஸ் மெக்டெய்டுன்னு ஒருத்தி. அரசாங்கம் 9,600 மெகாவாட் உலைக்கு வெளிநாட்டோட கமுக்கமா ஏற்பாடு பண்ணுச்சு. இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. "இவ்வளவு பெரிய செலவை நாடாளுமன்றத்துல வெச்சு, ஜனங்களைக் கேட்டியா?" அவ்வளவுதான் கேள்வி. 2017 ஏப்ரல்ல கோர்ட்டு மொத்தத்தையும் ரத்து பண்ணிடுச்சு. அந்த ரெண்டு பேரும் அணு விஞ்ஞானியா? இல்லை. வீட்டுக் கணக்கு தெரிஞ்சவங்க.

அப்ப உலக வங்கி? 1959ல இத்தாலிக்கு ஒரு தரம் கொடுத்ததோட கையைக் கட்டிக்கின வங்கி, 2025 ஜூன்ல கையை அவுத்துது. தலைவர் நம்ம நாட்டுல பொறந்த அஜய் பங்காதான். நல்லதே நடக்கட்டும். பழைய உலையைச் சரி பண்ணிக் கொஞ்ச காலம் கூட ஓட்ட, கம்பியை பலப்படுத்தக் கொடுத்தா நானே கை தட்டுவேன். புது உலைக்குத்தான் கொடுப்பேன்னா, நீ கேக்க வேண்டியதைக் கேளு. தாமதமானா அந்த வட்டி யார் தலையில? கடன் எந்த நாட்டுக் காசுல? பில்லு வசூல் ஆகுதா? கம்பி தாங்குமா? வெடிச்சா நஷ்டத்துக்கு யாரு பொறுப்பு? கழிவை எங்க வெப்பே? இத்தைக் கேட்டா "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு சொல்லுவான். சொல்லிட்டுப் போகட்டும். பதில் இருக்கறவன் திட்ட மாட்டான், சொல்லுவான்.

கடைசியா ஒண்ணு. எகிப்து ஒப்பந்தத்துல எழுதினபடி பாத்தா, 2029ல தொடங்கி 22 வருஷம் கடன் கட்டணும். 2051ல போய் முடியும். கையெழுத்து போட்டவங்க எத்தினி பேரு அன்னிக்கு உசுரோட இருப்பாங்க? அதனால எந்த நாட்டு மந்திரி பேனாவை எடுத்தாலும், அவரு வயசைக் கேளு. கடன் தீர எத்தினி வருஷம்னு கேளு. ரெண்டையும் கூட்டு. நூறைத் தாண்டுச்சுன்னா, பேனாவை வெச்சுட்டு, கட்டப்போற சின்னப் பசங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடச் சொல்லு.