பனிக்கு அஞ்சாது, பூவாளிக்கு அஞ்சும்

வெளியே மைனஸ் இருபது டிகிரி. குட்டை ஐரிஸ் குமிழ் பிழைக்குமா? (ஒட்டாவா வாசகர்)

துருக்கி, காகசஸ், ஈரான் மலைகளில் பனிக்கடியில் வளர்ந்த பிறவி அது. டிசம்பரில் போர்வைக்குள் புகுந்துகொள்ளும் ஆசாமி நீங்கள்தான். சில வாரம் குளிர் படாவிட்டால் ஐரிஸ் பூக்கவே பூக்காது.

எப்போது நடுவது? (ஒஸ்லோ வாசகி)

மண் உறைவதற்கு முன், செப்டம்பர் அல்லது அக்டோபரில். 10 செ.மீ. ஆழம். தண்ணீர் தேங்காத மண். களிமண் என்றால் பொடிச் சரளை கலக்கவும். கண்ணீர் கலப்பது அப்புறம்.

மஞ்சள் ஐரிஸ் முதல் வருடம் அமர்க்களம். மறுவருடம் வெறும் இலை. ஏன்? (டொரன்டோ வாசகர்)

டான்ஃபோர்டியே ரகமாக இருக்கும். ஒருமுறை பூத்ததும் குமிழ் அரிசிமணி போன்ற குட்டிகளாக உடைந்துவிடும். பாகப்பிரிவினை முடிந்த கூட்டுக்குடும்பம் மாதிரி, ஒருவரிடமும் பூக்கிற அளவுக்குச் சொத்து மிஞ்சாது. இன்னும் ஆழமாக நட்டால் உடைவது ஓரளவு குறையும். பலர் ஆண்டுதோறும் புதுக்குமிழ் வாங்கிவிடுகிறார்கள். கடைக்காரர் முகம் வாடுவதே இல்லை.

பூ முடிந்ததும் இலை தாறுமாறாக நீளுகிறது. வெட்டலாமா? (அதே வாசகர்)

கத்தரியைக் கீழே வையுங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான சமையல் அந்த இலையில்தான் நடக்கிறது. தானாக மஞ்சளாகிச் சாயட்டும்.

கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றியும் செத்துவிட்டதே! (சூரிச் வாசகி)

‘ஊற்றியதால்’ என்று திருத்தி வாசிக்கவும். பிறந்த மலையில் கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் தூங்குவது அதன் வழக்கம். எழுப்பி எழுப்பிக் குடிக்கக் கொடுத்தால் அழுகும். பழி மட்டும் எப்போதும் பனிமேல். பூவாளி அப்பாவி முகத்தோடு மூலையில் நிற்கும்.

டுலிப் குமிழை அணில் தோண்டித் தின்கிறது. இதையும் தின்னுமா? (டொரன்டோ வாசகி)

ஐரிஸில் நஞ்சு உண்டு. பெரும்பாலும் அணில் ஒதுங்கிப் போகும். உங்கள் நாய்க்கு அவ்வளவு விவரம் போதாது. நடும்போது கட்டிப் போடுங்கள்.

வாங்குவதற்கு ஒரு ரகம் சொல்லுங்களேன்? (லண்டன் வாசகர்)

‘கேத்தரின் ஹாட்ஜ்கின்’. வெளிர்நீலம், நடுவில் மஞ்சள், மேலே நீலக் கீற்று. இ. பி. ஆண்டர்சன் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய கலப்பினம். நண்பரின் மனைவி பெயர். பெயரை அந்த அம்மையாருக்கும் பூவை ஊருக்கும் கொடுத்தார். விவரமான மனிதர்.

வான்கோ வரைந்தது இந்தப் பூவைத்தானே? (பாரிஸ் வாசகர்)

இல்லை. 1889இல் சான் ரெமி மனநல விடுதித் தோட்டத்தில் அவர் வரைந்தது உயரமான தாடி ஐரிஸ். 1987 ஏலத்தில் அந்த ஓவியம் 5.39 கோடி டாலர். நம்ம ஆள் 15 செ.மீ. தாண்டுவதே அபூர்வம், குப்புறப் படுத்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

தாடி ஐரிஸிலும் குட்டை உண்டாமே, அதையும் ஆழப் புதைக்கலாமா? (ஒஸ்லோ வாசகி)

கூடாது. அது குமிழ் அல்ல, தரையோடு படுத்து ஓடும் கிழங்கு. முதுகில் வெயில் பட்டாக வேண்டும். நார்வேயில் உங்களுக்கே கிடைக்காததைக் கேட்கிறது!

சென்னையில் வளர்க்க வழி உண்டா? (மயிலாப்பூர் வாசகர்)

ஃபிரிட்ஜில் சில வாரம் வைத்துக் குமிழை ஏமாற்றலாம். பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும். அதெல்லாம் சரி, குமிழை வெளியே எடுத்தபின் சென்னையை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?