தன் மேல் புகார், தானே விசாரணை

கொல்லிமலைக்காரருக்குக் காவலர் மீது புகார் இருந்தால் கவலை வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மாவட்டத் தலைநகர் நாமக்கல் போனால் போதும். மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது: தலைவர் ஆட்சியர், பக்கத்து நாற்காலியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். நீதிபதியை எந்த வளைவில் இறக்கிவிட்டார்களோ!

‘துறையின் கஷ்டம் துறைக்காரருக்குத்தானே தெரியும்’ என்பார்கள். மெய்தான்; கஷ்டப்பட்டு மறைக்கவும் அவர்களுக்குத்தான் தெரியும். 1992-இல் வாச்சாத்தி கிராமத்தில், கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர் மீது வனம், காவல், வருவாய் என மூன்று துறைகளும் அபூர்வ ஒற்றுமையோடு பாய்ந்தன. வெளியிலிருந்து சிபிஐ வந்த பிறகே 269 பேர் மீது குற்றச்சாட்டு; 2011-இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை, அதில் 84 பேர் காவல்துறை. ‘எங்கோ நாலு பேர் செய்த தவறு’ என்போருக்குக் கூட்டல் சற்றுப் பலவீனம். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. புகார் ஆணையத்தில் ஒரு நாற்காலியையாவது அரசுச் சாயமில்லாதவருக்கு அரசு காலி செய்யட்டும்.