இரண்டு அக்காக்கள்

என் பேரனுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது அவன் கையிருப்பு மொத்தம் நான்கு வார்த்தைகள். ‘ம்மா’, ‘தா’, ‘பூ’, ‘தூ’. இதில் ‘பூ’ என்றால் பூவும் உண்டு, பூனையும் உண்டு, பூரியும் உண்டு. ‘தூ’ என்பது ‘தூக்கு’ என்று நான் சொன்னேன். சோறு ஊட்டுகிற என் மனைவிக்கு அதில் வேறு அபிப்பிராயம் இருந்தது.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரம். மகளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குக் கிளம்பினால், இருட்டும்வரை பையன் எங்கள் பொறுப்பு. ஆகவே அவன் பேசாததும் எங்கள் பொறுப்பு.

தெருவே யோசனை சொன்னது. எதிர்வீட்டு அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார். வசம்பு என்றுகூடச் சொல்லவில்லை, ‘பேர் சொல்லாதது’ என்றார். பேச்சு வரக் கொடுக்கிற மருந்தின் பேரையே சொல்லக் கூடாது என்றால் பிள்ளை எதைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ளும்? சம்பந்தியோ, “எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே மூணு வயசுலதான் பேசுவாங்க” என்று, பட்டா நிலத்தைப் பற்றிச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொன்னார்.

மாப்பிள்ளை மட்டும், “கவலைப்படாதீங்க மாமா, டேப்லெட் வாங்கிட்டு வரேன்” என்றார். பேச்சுக்கு மாத்திரையே வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் வந்தது சிலேட்டு அளவில் ஒரு திரை. உள்ளே மஞ்சள் சட்டை போட்ட ஓர் அக்கா. “குட்டீஸ், யானை எங்கே இருக்கு? சொல்லுங்க பார்க்கலாம்!” என்பார். கண்ணை விரித்து மூன்று விநாடி காத்திருப்பார். பிறகு, “வெரிகுட்! சரியாச் சொன்னீங்க!” என்று கை தட்டுவார்.

பையன் வாயே திறந்திருக்க மாட்டான். ஒன்றும் சொல்லாமலே நாளைக்கு நாற்பது முறை பாராட்டு வாங்கினான். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படிப் பாராட்டு வாங்கியவர்கள் மேலதிகாரிகள் மட்டும்தான்.

ஆனாலும் நான் அந்த அக்காவின் கட்சி. முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் ஆயிற்றே, உடனே ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, காட்டப்பட்ட படம், பையன் சொன்னது என்று மூன்று பத்தி. ‘யானை: “ஆ” என்றான்.’ ‘பனிக்கரடி: “ம்” என்றான்.’ ஒரு மாதத்தில் இருபத்தேழு வார்த்தை வரவு.

தணிக்கைக்கு என் மனைவி வந்தாள். “ஆ-ன்னது கொட்டாவி. ம்-னது முக்கல். அன்னிக்கு டயப்பர் மாத்தினதே நான்தான்” என்று ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பழைய நான்கே மிஞ்சின. “தாம்பரத்துல இவன் பனிக்கரடியை எங்கங்க பார்க்கப் போறான்? தண்ணி வேணும்னா கேக்கத் தெரியலையே” என்றாள்.

குழந்தைகள் டாக்டர் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது வாயை இல்லை, காதை. பையனுக்குக் காது நன்றாகவே இருந்தது. அங்கிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனோம். என் மகளைவிடச் சின்ன வயது. பெருமையோடு நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “வீடியோ உங்களுக்குப் பிடிச்சிருக்கா தாத்தா?” என்றார். பையனைப் பற்றிக் கேட்காமல் என்னைப் பற்றிக் கேட்கிறாரே என்று திகைத்தேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் ஜூடி டிலோச் என்ற உளவியலாளரின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, வார்த்தை கற்றுக்கொடுக்கும் வீடியோவை நான்கு வாரம் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. வீடியோ இல்லாமல் அப்பா அம்மாவே அன்றாடப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முந்தினார்கள். என்னைச் சுட்ட விஷயம் அடுத்தது: எந்தப் பெற்றோருக்கு வீடியோ ரொம்பப் பிடித்திருந்ததோ, அவர்களுக்குத்தான் பிள்ளை நிறையக் கற்றுக்கொண்டதாகத் தோன்றியது. ஏழு கடல் தாண்டி என் நோட்டைத் தணிக்கை செய்திருக்கிறார்கள்!

பயிற்சிப் பெண் இன்னொன்றும் சொன்னார். சியாட்டிலில் பாட்ரீஷியா கூல் என்பவர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். ஆட்கள் நேரில் உட்கார்ந்து விளையாடியபடி பேசக் கேட்ட குழந்தைகள், 12 அமர்வுகளில் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கிவிட்டன. அதே ஆட்கள் அதே பேச்சைத் திரையில் பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. 2003-இல் வந்த ஆய்வு அது.

“திரை பேசும் தாத்தா. ஆனா கேக்காது. நீங்க அவன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?”

“காத்திருப்பானேன்? பதிலையும் நானே சொல்லிடுவேனே” என்றேன். என் மனைவி அந்தப் பெண்ணை நன்றியோடு பார்த்தாள். நாற்பது வருடமாக அவள் சொல்ல நினைத்த புகார் அது.

இரண்டு வயது வரை திரை வேண்டாம், சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசலாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். இரண்டு முதல் ஐந்து வரை நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால். டேப்லெட் பீரோவுக்குள் போயிற்று. எனக்கு வீட்டுப்பாடம் வந்தது: அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசு. அவன் உயரத்துக்கு உட்கார்ந்து முகத்தைக் காட்டு. அவன் ‘பால்’ என்றால் நீ ‘சூடான பால்’ என்று ஒன்றைக் கூட்டிச் சொல். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணு. இதில் கடைசிதான் கஷ்டம். ஆறு தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது.

உண்மையில் பையனைப் பேச வைத்தது நானில்லை, கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா. எழுபத்தெட்டு வயது, காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். பையன் “பூ” என்பான். அக்கா காதருகே கையைக் குவித்து, “என்னா?” என்பார். “பூ!” “என்னாடா கண்ணு, சரியாச் சொல்லு?” இவன் ஓடிப்போய்ப் பூனையை வாலோடு இழுத்து வந்து திரைக்கு முன் நிறுத்தி, “பூ... ன!” என்பான். “ஓ, பூனையா! என்ன சாப்பிட்டுது?” பிறகு பால் கிண்ணம் வரும்.

இதைச் சொன்னதும் பயிற்சிப் பெண் கைகொட்டிச் சிரித்தார். “அவங்களுக்கு நான் சம்பளம் கொடுக்கணும்” என்றார். யோசித்துப் பார்த்தேன். அதே கண்ணாடித் திரைதான். மஞ்சள் சட்டை அக்காவுக்குக் காது அறவே இல்லை. அதனால் எது சொன்னாலும், சொல்லாவிட்டாலும் வெரிகுட். என் அக்காவுக்கு அரைக்காது. அந்த அரைக்காதுக்குள் ஒரு வார்த்தையை நுழைக்க இவன் முழு உடம்பாலும் பாடுபட வேண்டியிருந்தது.

இரண்டாவது பிறந்தநாள் முடிந்து பீரோ திறந்தது. இந்தத் தடவை நானும் பக்கத்தில். ஒரு படம் வந்தால் வீடியோவை நிறுத்துவேன், பத்து எண்ணுவேன். தக்காளி வந்தால் சமையலறைக்குப் போய்த் தக்காளியை எடுத்து வருவோம். ஐந்து நிமிட வீடியோ முக்கால் மணி நேரம் ஓடியது. கத்தரிக்காய் பாடத்தன்று காம்பைக் கிள்ளிவிட்டோம் என்று பாட்டி எங்கள் இருவரையும் விரட்டினாள். அன்றுதான் ‘ஓடு’ வந்தது.

போன வாரம் பாலை எடுக்க நான் எழுந்துபோன நேரம். திரையில் மஞ்சள் சட்டை அக்கா, “யானை எங்கே? சொல்லுங்க!” என்றார். “தோ!” என்று பையன் தொட்டுக் காட்டினான். அக்கா அவன் தலைக்கு மேலே எங்கோ பார்த்து, “வெரிகுட்!” என்றார். பையன் காதருகே கையைக் குவித்தான். “என்னா?” என்றான். பதில் இல்லை. அக்கா ஒட்டகத்துக்குப் போய்விட்டார். இன்னும் கிட்டே குனிந்து, “என்னா? என்னா?” என்றான். டேப்லெட்டைத் திருப்பி முதுகுப்பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்தான். கவிழ்த்து வைத்துவிட்டு, “பாட்டி, ஆன!” என்று கூவிக்கொண்டே சமையலறைக்கு ஓடினான்.

நோட்டை எடுத்து எழுதினேன். என் மனைவி வாங்கிப் பார்த்து, முதல் முறையாக ஒரு வரியையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.