கவர்னருக்குத் தலைவலி, ஊருக்கு வண்ணம்

சொகுசுக் கப்பல் காலையில் கரை சேர்ந்தால் மாலையில் கிளம்பிவிடும். இடையில் கிடைக்கிற சில மணி நேரத்துக்குள் ஓர் ஊரின் நானூறு வருஷத்தைப் பார்த்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு இறங்குகிறவர்தான் கப்பல் பயணி. தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், மூக்கில் வெயில் களிம்பு. கரீபியன் தீவான குராசோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட் இவரைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தெருமுனையிலும் இவருக்கென்று ஒரு கதை தயாராக இருக்கும். கதை உண்மைதானா என்று விசாரிக்க அவருக்கு நேரம் இருக்காது.

ஊரை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கிறது. பெரிய கப்பல்கள் நிற்பது ஒட்ரோபண்டா கரையில். பயணி பார்க்க வந்த இடங்களில் முக்கால்வாசி எதிரே புண்டா கரையில். நடுவே 1888இல் முதன்முதலாகக் கட்டிய எம்மா ராணி பாலம். அது படகுகளின் மேல் மிதக்கிறது. கப்பல் வந்தால் மணி அடிக்கும், கேட் மூடும், புண்டா முனையில் உள்ள எஞ்சினை முடுக்கியதும் பாலம் முழுவதும் கதவு மாதிரி திரும்பி ஒட்ரோபண்டா கரையோரம் ஒதுங்கும். பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டவர்களும் கூடவே போவார்கள். பயணி கைப்பிடியை இறுகப் பிடிப்பார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண்மணி போன் பேச்சைக்கூட நிறுத்தமாட்டார்.

அந்தக் காலத்தில் இந்தப் பாலத்தில் நடக்கக் காசு வாங்கினார்கள். செருப்புப் போட்டவர் கொடுக்க வேண்டும், வெறுங்காலோடு வந்தவர் சும்மா போகலாம்; ஏழைகளுக்கு ஒரு சலுகை. நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு. ஏழைகள் கௌரவத்துக்காகச் செருப்பை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு காசு கட்டினார்களாம். பணக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இலவசமாக நடந்தார்களாம்.

புண்டா கரையில் மஞ்சள், நீலம், ரோஜா நிறங்களில் வரிசையாக நிற்கும் டச்சு வீடுகளுக்கும் ஒரு கதை உண்டு. 1817இல் கவர்னர் ஆல்பர்ட் கிக்கெர்ட், வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் தனக்குத் தலைவலி வருகிறது என்று சொல்லி, வெள்ளை தவிர வேறு எந்த நிறம் வேண்டுமானாலும் பூசுங்கள் என்று உத்தரவு போட்டாராம். அவர் போன பிறகுதான் ஊரிலிருந்த பெயிண்டு வியாபாரத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்ற பேச்சு கிளம்பியதாம்.

வீடுகள் எழும்பிய பணத்தின் கதையில் 'ஆம்' விகுதிக்கு இடமில்லை. 1634இல் தீவை ஸ்பெயினிடமிருந்து பிடித்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, இதை ஆப்பிரிக்க அடிமைகளை விற்கும் பெரிய சந்தையாக்கியது. 1795இல் டூலா என்ற அடிமையின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். விடுதலை வந்தது 1863இல். படம் எடுக்கும் அவசரத்தில் பயணி இந்தப் பக்கத்தைப் புரட்டுவது அபூர்வம்.

அடுத்தது 1732இல் கட்டிய யூத ஜெபாலயம். உள்ளே தரை முழுக்க மணல். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒளிந்து தொழுத முன்னோர்கள் காலடி ஓசை வெளியே கேட்காதிருக்க மணல் பரப்பிய நினைவு என்பார் ஒருவர். பாலைவனத்தில் அலைந்ததன் நினைவு என்பார் இன்னொருவர். பயணி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு ஷூவைத் தட்டிக்கொண்டு வெளியே வருவார். கோட்டைத் தேவாலயத்தின் சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறது. 1804இல் அதைச் சுட்டவர், 'பவுண்டி' கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து துரத்தினார்களே, அதே கேப்டன் பிளை என்கிறார்கள்.

மதியம் பழைய சந்தைக் கூடம். பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு, சோளமாவுக் களி, வெண்டைக்காய் சூப். உடும்புக்கு உறவான இகுவானாவின் சூப்பும் உண்டு. பயணி அதைப் படம் எடுத்துக்கொண்டு ஆட்டுக்கறி கேட்பார்.

கடைசியாக மதுக்கடை. ஸ்பானியர் இங்கே ஆரஞ்சை நட்டார்கள். வறண்ட மண்ணில் பழம் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது, ஆடுகூடத் தொடவில்லையாம். ஆனால் உலர்ந்த தோல் மணத்தது. அந்தத் தோலில்தான் குராசோ மது பிறந்தது. நீலம், பச்சை, சிவப்பு என்று பாட்டில்கள் இருந்தாலும் ருசி ஒன்றுதான், நிறம் வெறும் சாயம் என்று கடைக்காரரே சொல்கிறார். பயணி நீலத்தை வாங்குகிறார்.

திரும்பும் நேரம் பார்த்துப் பாலத்தில் நீலக் கொடி. செம்மஞ்சள் கொடி என்றால் பாலம் சீக்கிரம் திரும்பி வந்துவிடும். நீலம் என்றால் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கென்று இலவசப் படகு ஓடுகிறது. அதில் ஏறிய பயணி பதறிப்போய், "கப்பலைத் தவறவிட்டுவிடுவேனா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கிறார். அவர் எதிர்க்கரையில் பத்து மாடி உயரத்துக்கு மேல் நிற்கும் கப்பலைக் காட்டி, "அவ்வளவு பெரிசை எப்படித் தவறவிடுவீர்கள்?" என்கிறார்.

கப்பல் வாசலில் சோதனை. நீல பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, பயணத்தின் கடைசி நாள்தான் கிடைக்கும் என்று ஒரு சீட்டைக் கொடுக்கிறார்கள். பயணி கவலைப்படவில்லை, இரவுச் சாப்பாட்டு மேசையில் கிக்கெர்ட் கதையை எடுத்துவிடுகிறார். சூப் வரும்போது கவர்னருக்கு ஒரு பெயிண்டு கடை. ஐஸ்கிரீம் வருவதற்குள் மூன்று.